ஒரு மேசையும் பல கைகளும்



பிரான்ஸ் நாட்டின் தலைநகரமாகிய பாரிசுக்குப் பக்கத்தில் வெர்சாய் என்னும் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னர்கள் வாழ்ந்த அரண்மனை அங்கே உண்டு. இன்று அது பொதுமக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பார்த்து வரும் காட்சிசாலை. அங்கே, மன்னர் தனியாக உட்கார்ந்து எழுதுவதற்கென்று வைத்திருந்த அறையில் ஒரு மேசை இருக்கிறது. உலகத்தில் உள்ள பழைய மேசை நாற்காலிகளுள் மிகவும் புகழ் பெற்றது எதுவென்று கேட்டால், விவரம் அறிந்தவர்கள் பலர் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த மேசையின்மேல் வளைந்த மூடி ஒன்று உண்டு. சாவியை ஒரு முறை திருப்பினால் மூடியும் திறந்துகொள்ளும். இழுப்பறைகளின் பூட்டும் விட்டுப்போகும். உச்சியிலே ஒரு கடிகாரம். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் மணி பார்க்கலாம். மைக்கூட்டுக்குப் பக்கவாட்டில் தனி வழி இருக்கிறது. மன்னருடைய காகிதங்களைக் கண்ணாலும் காணாமல் வேலையாள் மை ஊற்றிவிட்டுப் போய்விடலாம். இவற்றையெல்லாம்விட வியப்பானது மேசையின் மேனி. எங்கு பார்த்தாலும் பூங்கொத்துகள், இலைகள், கல்வியையும் கலைகளையும் குறிக்கும் பொருள்கள். இவை சாயம் தொட்டுத் தூரிகையால் வரைந்தவை அல்ல. ஒவ்வொரு இதழும், ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு காம்பும் தனித்தனியாக வெட்டிப் பதித்த மரத்துண்டு!

இந்த வேலைக்கு மார்க்கெட்ரி என்று பெயர். தமிழில் மரத்தகட்டுச் சித்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம். மேசையின் ஓரிடத்தில், செய்தவர் தம் பெயரையும் ஆண்டையும் பதித்திருக்கிறார்: ரீஸ்னர், 1769. ஆனால், இந்த மேசையை வேலைக்கு எடுத்தவர் ரீஸ்னர் அல்லர். 1760ஆம் ஆண்டில் தொடங்கியவர் வேறொருவர். முடிக்க ஒன்பது ஆண்டு ஆயிற்று. இடையிலே எத்தனையோ பேருடைய உழைப்பு அதில் சேர்ந்தது. அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம். மேசையின் உட்கூடு ஓக் போன்ற உள்நாட்டு மரத்தால் ஆனது. வெளியே தெரிவது அதன்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடுகள். அந்தத் தகடுகளுக்கான மரங்கள் கடல் தாண்டி வந்தவை. தென் அமெரிக்காவிலிருந்து ஊதா நிற மரமும், இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடிய மரமும் வந்தன. இன்னும் தொலைவிலிருந்து கருங்காலி வந்தது. பிரெஞ்சு மொழியில் கருங்காலிக்கு எபேன் என்று பெயர். அந்த மரத்தைக் கையாளத் தெரிந்த தச்சர்களை எபெனிஸ்ட் என்று அழைத்தார்கள். பிறகு எந்த மரத்தகட்டை ஒட்டினாலும் அந்தத் தச்சருக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது.

பின்னாளில் மஹோகனி மரத்துக்கு மவுசு வந்தது. அது பிரான்சின் ஆளுகையில் இருந்த சான் டொமிங் என்னும் கரிபியத் தீவுப் பகுதியிலிருந்தும் வந்தது. இன்று நாம் ஹைத்தி என்று சொல்லும் நாடு அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகள் அங்கே கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் சாகும்வரை உழைத்தார்கள். மரம் வெட்டியவர்களும் அவர்களே. 1791இல் அவர்கள் எழுந்து போராடினார்கள். 1804இல் சுதந்திர நாடு கண்டார்கள். பாரிஸ் மாளிகையில் பளபளத்த மரத்தின் முதல் கை அந்த அடிமையின் கை. அவருடைய பெயர் எந்த மேசையிலும் இல்லை.

மரம் பாரிசுக்கு வந்து சேர்ந்தபின் அதைத் தகடாக அறுக்க வேண்டும். இக்காலத்தைப் போல இயந்திரம் கிடையாது. மரத்துண்டை நேராக நிற்கவைத்து இறுக்கிக் கட்டி, பெரிய சட்ட வாளை எதிரெதிரே நின்று இரண்டு பேர் இழுப்பார்கள். தகட்டின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். வாள் கொஞ்சம் சாய்ந்தால் விலை உயர்ந்த மரம் பாழ். பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் மங்குக்குப் பால் வராது. அளவு கண்ணில் மட்டும் இருந்தால் போதாது, கையில் இருக்க வேண்டும். அந்தக் கையளவுதான் அவர்களுக்கும் மூலதனம்.

அடுத்து, சித்திரத்தை வெட்டுவது. இதற்கு ஓர் அருமையான உபாயம் வைத்திருந்தார்கள். கலியாணப் பந்தலுக்கு வண்ணத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுகிறோம் அல்லவா? அதைப் போலவே, இரண்டு நிறத் தகடுகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே படம் வரைந்த தாளை ஒட்டி, நூல் போன்ற மெல்லிய வாளால் கோட்டின் வழியே அறுப்பார்கள். இரண்டும் ஒரே வெட்டில் வெட்டுப்படுவதால், வெள்ளைத் தகட்டில் வெட்டிய பூ, கறுப்புத் தகட்டில் உள்ள குழியில் இம்மியும் பிசகாமல் உட்காரும். கறுப்பில் வெட்டிய பூ வெள்ளைக் குழியில் உட்காரும். ஒரு வெட்டில் இரண்டு சித்திரம். ஒரு துண்டும் வீணில்லை.

இந்த முறையைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனவர் ஆந்த்ரே ஷார்ல் பூல். 1642இல் பிறந்தவர், பதினான்காம் லூயி மன்னருக்கு வேலை செய்தவர். அவர் மரத்தோடு நிற்கவில்லை. ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து வெட்டினார். ஆமையோட்டில் பித்தளைக் கொடி படர்ந்த பெட்டி ஒன்று, பித்தளையில் ஆமையோட்டுக் கொடி படர்ந்த பெட்டி ஒன்று என்று ஜோடியாகச் செய்தார். 1672இல் மன்னர் அவருக்கு லூவர் அரண்மனையிலேயே இடம் கொடுத்தார். ஆனால் புகழ் வேறு, சுகம் வேறு. வாழ்நாளெல்லாம் அவருக்குக் கடன் தொல்லை. 1720இல் பட்டறையில் தீப் பிடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த மரங்களும் முடித்த வேலைகளும் ஓவியங்களும் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 77. அதன்பிறகும் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்து, 1732இல் காலமானார்.

வெட்டிய துண்டுகளுக்கு நிழல் கொடுப்பது இன்னொரு நுட்பம். ஓர் இதழ் தட்டையாகத் தெரியாமல் மடிந்து வளைந்ததுபோலத் தெரிய வேண்டும். அதற்கு மணலை நன்றாகச் சூடேற்றி, துண்டின் ஓரத்தை அதில் செருகி எடுப்பார்கள். செருகிய ஓரம் பழுப்பேறும். உள்ளே போகப்போக நிறம் குறையும். ஒரு நொடி கூடினால் கரி. ஒரு நொடி குறைந்தால் நிழல் இல்லை. பிறகு துண்டுகளை ஒன்றுசேர்த்து, உட்கூட்டின்மேல் வச்சிரம் தடவி ஒட்டுவார்கள். வச்சிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை; நம் ஆசாரிமாருக்கும் பழக்கமானதுதான். இதில் ஒரு நன்மை உண்டு. சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் இளகும். ஆகையால் இருநூறு ஆண்டு கழித்தும், பழுதான துண்டை மட்டும் கழற்றிச் சீர்செய்ய முடிகிறது. ஒட்டியபின் இழைத்து, சுரண்டி, சுறாத்தோலால் தேய்த்து, மெழுகு பூசினால் மரத்தின் மினுமினுப்பு வரும்.

நேயர்களே, இதுவரை சொன்னது தச்சர்களின் வேலை. அந்த மேசையின் மூலைகளிலும் கால்களிலும் விளிம்புகளிலும் பொன்போல மின்னும் வெண்கலச் சிலைகளும் மாலைகளும் இருக்கின்றன. அவற்றைத் தொடத் தச்சருக்குப் பொதுவாக உரிமை கிடையாது. வார்ப்பவர் ஒரு சங்கம், முலாம் பூசுகிறவர் வேறு சங்கம். ஒருவர் மாதிரி செய்வார், ஒருவர் வார்ப்பார், ஒருவர் உளியால் சீவி மெருகேற்றுவார். கடைசியாக வருகிறவர் முலாம் பூசுகிறவர். அவருடைய கதைதான் நெஞ்சை உறுத்துவது.

தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்தால் வெண்ணெய் போன்ற கலவை கிடைக்கும். அதை வெண்கலத்தின்மேல் தடவிக் கரியடுப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும். தங்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். போன ஆவி எங்கே போயிற்று? அடுப்புக்கு முன்னால் குனிந்து நின்றவருடைய மூச்சிலே போயிற்று. நாளடைவில் கை நடுங்கும், ஈறு புண்ணாகும், பல் ஆடும், பேச்சுக் குழறும். மன்னரும் சீமான்களும் பார்த்து மகிழ்ந்த அந்தப் பொன்னொளி, ஏழைத் தொழிலாளிகளின் ஆயுளைக் குறைத்துக்கொண்டு வந்தது. தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

இதற்குப் பரிகாரம் தேட நினைத்தவர் ஒருவர் இருந்தார். பாரிசில் வெண்கலப் பட்டறை நடத்திய ரவ்ரியோ என்பவர், 1814இல் இறக்கும்போது தம் உயிலில் 3,000 பிராங்கு ஒதுக்கிவைத்தார். முலாம் பூசுகிறவர்களைப் பாதரச ஆவியிலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு அது பரிசு. 1818இல் டார்செ என்னும் வேதியியல் அறிஞர் அந்தப் பரிசைப் பெற்றார். அவர் கண்டுபிடித்தது பெரிய மாயவித்தை அல்ல. நச்சு ஆவி தொழிலாளியின் முகத்துக்கு வராமல் மேலே இழுத்துக்கொண்டு போகும்படி புகைபோக்கியோடு அமைத்த அடுப்பு, அவ்வளவுதான். மனம் வைத்தால் முன்பே செய்திருக்கக் கூடியதுதான். நம் மேசை முடிந்து அப்போது 49 ஆண்டு ஆகியிருந்தது.

இனி, மேசையில் பெயர் எப்படி ஏறியது என்பதைப் பார்ப்போம். அக்காலப் பாரிசில் நினைத்தவரெல்லாம் கடை போட முடியாது. தச்சர்களுக்கு ஒரு சங்கம். பல ஆண்டு தொழில் பழகி, கூலிக்கு வேலை பார்த்து, தேர்ச்சி காட்டி, கட்டணம் கட்டினால்தான் தலைமைத் தச்சர் என்ற உரிமை கிடைக்கும். தலைமைத் தச்சரின் மகனுக்குக் கட்டணம் குறைவு, வெளியூர்க்காரனுக்கு அதிகம். உரிமை பெற்றவர் செய்த பொருளில் தம் பெயரை முத்திரையாக அடிக்க வேண்டும் என்று 1743இல் விதி செய்தார்கள். ஆனால் அந்த முத்திரை, வேலை செய்த கையைக் காட்டுவதில்லை. பட்டறை உரிமையாளரைத்தான் காட்டும். பழுது பார்த்தவர் முத்திரை அடித்ததும் உண்டு.

உரிமை இல்லாத ஏழைத் தச்சர்கள் என்ன செய்தார்கள்? பாரிசின் கிழக்கே சாந்த் அந்துவான் என்னும் புறநகர் இருந்தது. அங்கே சங்கத்தின் கட்டுப்பாடு செல்லாது. அரசருக்குச் சொந்தமான லூவர், கோபலான், ஆர்சனல் போன்ற இடங்களிலும் அப்படியே. பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தச்சர்கள், குறிப்பாக ஜெர்மானியர்கள், இந்த இடங்களில் தங்கிப் பட்டறை நடத்தினார்கள். பிரெஞ்சு மேசை நாற்காலி என்று உலகம் புகழ்வதில் பெரும்பகுதி இப்படி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் செய்தது. பிழைக்க வந்த இடத்தில் கையை நம்பி வாழ்வது என்றால் என்னவென்று நம் பாட்டன் பூட்டன்மாருக்கும் தெரிந்திருந்தது.

மேசையைத் தொடங்கிய ஓபென் அப்படி வந்த ஒருவர்தான். 1721இல் ஜெர்மன் நாட்டில் பிறந்தவர். பாரிசில் பூலின் இளைய மகனுடைய பட்டறையில் முதலில் வேலை செய்தார். பிறகு தனியாகத் தொழில் நடத்தினார். பொறி வேலைகளில் மகா கெட்டிக்காரர். சாவி திருப்பினால் திறக்கும் அந்த அமைப்பு அவருடைய யோசனை. ஆனால் 1763இல், தமது 42ஆம் வயதை எட்டும் முன்னரே, கடனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மேசை பாதியில் நின்றது.

அப்போது பட்டறையைத் தாங்கியவர் ஒரு பெண். ஓபெனின் மனைவி பிரான்சுவாஸ் மார்கெரித். அவரும் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். தலைமைத் தச்சர் இறந்துபோனால் அவருடைய விதவை பட்டறையை நடத்தலாம் என்று சங்க விதி இருந்தது. கடனும் குழந்தைகளும் இருந்த நிலையில், அந்த அம்மாள் மூடாமல் நடத்தினார். கணவர் இறந்தபின்னும் சில ஆண்டுகள் அங்கே செய்த பொருள்களில் ஓபென் முத்திரையே விழுந்தது. பட்டறையில் திறமைசாலிகள் இருவர் இருந்தார்கள். ஒருவர் லெலூ, மற்றொருவர் ரீஸ்னர். ரீஸ்னரும் ஜெர்மானியர், 1734இல் பிறந்தவர். அந்த அம்மாள் ரீஸ்னரிடம் பொறுப்பைக் கொடுத்தார். பின்னர் அவரையே மணந்துகொண்டார். 1768இல் ரீஸ்னருக்குத் தலைமைத் தச்சர் உரிமை கிடைத்தது. மறுஆண்டு மேசை வெர்சாய்க்குப் போயிற்று. அந்த அம்மாள் இல்லாவிட்டால் மேசை என்ன ஆகியிருக்குமோ! அவருடைய பெயரும் மேசையில் இல்லை. ஆனால் அவருக்கும் ஓபெனுக்கும் பிறந்த விக்துவார் என்ற மகள்தான், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் தெலக்ருவாவின் தாய்.

மேசைக்கு அரசாங்கம் கொடுத்த விலை 60,000 லிவருக்கும் மேல். அக்காலப் பாரிசில் சாதாரணக் கூலியாளுக்கு நாள் கூலி ஏறத்தாழ 1 லிவர். தொழில் தெரிந்தவருக்குச் சற்றுக் கூடுதல். ஆண்டில் 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூலியாள் 200 ஆண்டு உழைத்தாலும் அவ்வளவு பணத்தைக் காண முடியாது. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு நாள் புயல் அடிக்கும் என்பதில் என்ன ஆச்சரியம்?

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ரீஸ்னர் அதற்குள் நல்ல செல்வம் சேர்த்திருந்தார். அரசி மேரி அந்துவானெத்துக்கு அழகழகான மேசைகளும் அலமாரிகளும் செய்திருந்தார். 1793 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் வெர்சாய் அரண்மனைப் பொருள்களை ஏலம் போட்டார்கள். 17,000க்கு மேற்பட்ட ஏல வரிசைகள்! ரீஸ்னர், தாம் செய்த பொருள்களில் சிலவற்றைத் தாமே ஏலத்தில் எடுத்தார். நல்ல காலம் வந்தால் விற்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் வாங்கக் கூடியவர்கள் நாட்டை விட்டு ஓடியிருந்தார்கள். இருந்தவர்களுக்கோ புதிய பாணியில் ஆசை. 1794இல் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. தாம் முன்பு செய்த பொருள்களிலிருந்தே அரச சின்னங்களைப் பெயர்த்தெடுக்கும் வேலை! பதித்த கையே பெயர்த்தது. 1806இல், பழைய செல்வம் கரைந்துபோன நிலையில் அவர் இறந்தார். மேசை மட்டும் ஏலத்துக்குப் போகாமல் தப்பியது. பல காலம் பாரிசில் இருந்துவிட்டு, 1957இல் தான் பிறந்த காலத்து அறைக்கே திரும்பி வந்தது.

இன்று அந்த மேசையைப் பார்க்கிறவர்கள், தேனும் பழுப்புமான மரநிறத்தைக் கண்டு, பழமை என்றாலே இந்த நிறம்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை அதுவல்ல. அக்காலத் தச்சர்கள் மரத்துண்டுகளுக்குப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று சாயம் ஏற்றிப் பதித்தார்கள். இலை பச்சையாகவும் பூ சிவப்பாகவும் இருந்தன. வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் வெளுத்துவிட்டது. இத்தகைய மேசைகளைப் பழுது பார்க்கிறவர்கள் வெளிச்சம் படாத உட்பக்கத்தையோ, ஒரு துண்டின் அடிப்பக்கத்தையோ பார்க்க நேரும்போது, அன்றைய நிறம் அங்கே பளிச்சென்று ஒளிந்திருக்கிறது.

வேலை மட்டும் அழிந்துவிடவில்லை. 1886இல் பாரிஸ் நகராட்சி, மரத்தளவாடத் தொழில் கற்பிக்க ஒரு பள்ளியைத் தொடங்கியது. அதற்குப் பூலின் பெயரையே வைத்தது. இன்றும் அங்கே இளைஞர்களும் இளம்பெண்களும் மரத்தகட்டுச் சித்திரம் பயில்கிறார்கள். சிறு குதிரை என்று செல்லப் பெயர் கொண்ட பலகையில் ஏறி உட்கார்ந்து, காலால் மிதித்துத் தகட்டை இறுக்கி, கையால் வாளை ஓட்டுகிறார்கள். அப்பன் தலைமைத் தச்சரா, வெளியூர்க்காரனா என்ற கேள்வி அங்கே இல்லை. தொழிலை ஒரு குடும்பத்தின் பூட்டிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்ததே அந்தக் கைகளுக்கு உலகம் செய்த நல்ல மரியாதை.

நேயர்களே, இனிமேல் ஓர் அழகான பொருளைப் பார்க்கும்போது, இது யாருடையது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இதன் மரத்தை வெட்டியவர் யார், அறுத்தவர் யார், ஒட்டியவர் யார், முலாம் பூசி மூச்சைக் கொடுத்தவர் யார் என்று உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். பெயர் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் கேட்பது நம் கடமை. வீட்டுக்கு ஓர் ஆசாரி வந்து மேசையோ பெட்டியோ செய்து கொடுத்தால், அவர் பெயரையும் தேதியையும் அடிப்பலகையில் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் படாத இடத்தில் நிறம் நிற்பதுபோல, அந்தப் பெயரும் நிற்கும்.